எஸ். ஆர். நாதனை ராஜதந்திரி என்று சொல்வது சரியா?

உங்கள் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் போட்டுக்கொள்கிறேன். நீங்கள் கேட்டது இது: "சிங்கப்பூர் அதிபராக 12 வருடம் இருந்த எஸ். ஆர். நாதன் இரண்டு தடவையும் போட்டியே இல்லாமல் வந்தவர். அதற்கு முன்னால் ஓர் அரசாங்க அதிகாரி, அவ்வளவுதான். வெளியுறவு சம்பந்தமாக எதுவும் படித்ததாகவும் தெரியவில்லை. அப்புறம் ஏன் அவரைப் பெரிய ராஜதந்திரி என்கிறார்கள்? பிரதமராக இருந்த லீ குவான் இயூவின் ஆள் என்பதாலா, தமிழர் என்பதாலா?" இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மனிதருக்கு வேலை தெரியுமா, அந்த வேலைகள் அவருக்கு எப்படிக் கிடைத்தன, அதில் இனத்துக்குப் பங்கு உண்டா. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஒன்றுக்கும் சரியான பதில் வராது. முதல் கேள்விக்கு ஆவணங்களை வைத்துத் தெளிவாகவே பதில் சொல்லலாம். மற்ற இரண்டில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும், அதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் வெளியுறவு அமைச்சில் இருந்தவன் இல்லை. சிங்கப்பூரில் தொழிற்சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே உட்கார்ந்து பேசி முடித்துவைக்கிற சமரச வேலையில் பல வருடங்கள் இருந்து ஓய்வு பெற்றவன். நாதன் தொழில் கற்றுக்கொண்ட இடமும் கிட்டத்தட்ட அதேதான். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதிபர் மாளிகையிலிருந்து பின்னோக்கிப் பார்க்கிறார்கள். நான் துறைமுகத்திலிருந்து பார்க்கிறேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

முழுப்பெயர் செல்லப்பன் ராமநாதன். 1924 ஜூலை 3 அன்று சிங்கப்பூரில் பிறந்தார், சின்ன வயது இன்றைய மலேசியாவின் ஜொகூரில் உள்ள மூவாரில். தந்தை ரப்பர்த் தோட்டங்களின் காரியங்களைப் பார்த்த ஒரு வக்கீல் நிறுவனத்தில் குமாஸ்தா. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து, கடன் கழுத்தை நெரித்து, நாதனுக்கு எட்டு வயதாக இருந்தபோது அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பம் சிங்கப்பூர் திரும்பியது. பையன் பள்ளியிலிருந்து இரண்டு முறை வெளியேற்றப்பட்டான், 16 வயதில் வீட்டை விட்டே ஓடினான். ஜப்பானியர் ஆட்சி வந்தபோது மூவாரில் இருந்தார். அகராதியை வைத்துக்கொண்டு ஜப்பானிய மொழியைத் தானே கற்று, ஜப்பானியப் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார்.

இந்த மொழிபெயர்ப்பாளர் வேலையைப் பிடித்துக்கொண்டு அவரைத் துரோகி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் அதை மறைத்தவர் இல்லை, பிற்காலத்தில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். 18, 19 வயதுப் பையனுக்கு ஆக்கிரமிப்புக் காலத்தில் கிடைத்த சம்பளத்தை வைத்து ஒரு வாழ்க்கைக்கே தீர்ப்பு எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்த வேலையில் அவர் என்ன படித்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். கையில் துப்பாக்கி வைத்திருக்கிறவன் சொல்வதையும், எதிரில் நடுங்கிக்கொண்டு நிற்பவன் சொல்வதையும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் மாற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் பிசகினால் யாருக்காவது அடி விழும். இதை எந்தக் கல்லூரியும் சொல்லித் தராது.

போருக்குப் பிறகு குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே தபால்வழிப் பாடங்களில் பள்ளிப்படிப்பை முடித்தார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர் நுழைந்தபோது வயது 28. 1954ல் சமூகப்பணிப் படிப்பில் சிறப்புத் தேர்ச்சியுடன் டிப்ளோமா. 1955ல் அரசுப் பணி, மருத்துவமனையில் சமூகப் பணியாளராக. நோயாளிக்கு மருந்து எழுதுவது டாக்டரின் வேலை. அவன் படுத்துவிட்டால் வீட்டில் யார் சாப்பாடு போடுவார்கள், கட்டணம் கட்ட முடியுமா, திரும்பிப் போக வீடு இருக்கிறதா என்று விசாரிப்பது இவர் வேலை.

1956ல் மாலுமிகள் நல அதிகாரி ஆனார். எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இது, ஆனால் இரங்கல் குறிப்புகளில் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் கப்பலில் வேலை கிடைக்க வேண்டுமென்றால் தரகர்களுக்குக் காசு கொடுத்தாக வேண்டும். தங்குமிடம், வேலை, கடன் எல்லாம் ஒரே கும்பலின் கையில். ஒரு பயணம் முடிந்து வந்த சம்பளம் அடுத்த பயணத்துக்கு முன்பே கரைந்துபோகும். இந்த ஆட்களோடு நாள் முழுக்கப் பேசிக் கொண்டிருக்கிற அதிகாரிக்குச் சட்டப் புத்தகம் பாதிதான் உதவும். யார் உண்மையிலேயே முடிவெடுக்கிறவன், யார் வெறுமனே சத்தம் போடுகிறவன், எந்த வார்த்தையைக் கொடுத்தால் அதைக் காப்பாற்ற முடியும் என்பதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். சமரச வேலையில் இருந்தவர்களுக்கு இது புரியும்: உங்களால் தர முடியாத ஒன்றை ஒரே ஒரு தடவை தருவதாகச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்த மேசையில் உங்களுக்கு வேலை இல்லை.

1962ல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்கு உதவியாக அமைந்த தொழிலாளர் ஆய்வுப் பிரிவுக்குத் உதவி இயக்குநராகப் போனார், பிறகு அதன் இயக்குநர் ஆனார். இங்கே கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். 1961ல் ஆளும் மக்கள் செயல் கட்சி உடைந்து பாரிசான் சோஷலிஸ் என்ற இடதுசாரிக் கட்சி பிறந்தபோது தொழிற்சங்க இயக்கமும் இரண்டாகப் பிளந்தது. அரசாங்கத்தோடு ஒரு பக்கம் நின்றது, இடதுசாரிகளோடு மறுபக்கம். இந்த ஆய்வுப் பிரிவு அரசாங்கத்தோடு நின்ற சங்கங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது, தொழில் நடுவர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தப் பேப்பர் தயாரித்துக் கொடுத்தது. ஆகவே இது நடுநிலையான வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எதிர்ப்பக்கத் தலைவர்கள் பலர் 1963ல் சிறையில் இருந்தார்கள். நாதன் எந்தப் பக்கம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் அங்கே செய்தது மேடைப்பேச்சு இல்லை, சம்பள விகிதம், போனஸ், லாபக் கணக்கு என்று தாள்களோடு மல்லுக்கட்டிய வேலை. அந்த வேலையில்தான் மேலே இருந்தவர்களின் கண்ணில் பட்டார் என்று நினைக்கிறேன். 1964ல் பொதுச்சேவை நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது.

1966 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சுக்கு மாற்றல். வயது 41. படிக்காமல் எப்படித் தூதரக வேலைக்கு வந்தார் என்ற உங்கள் சந்தேகத்துக்குப் பதில் இந்தத் தேதியில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது 1965 ஆகஸ்ட் 9. அதுவரை அந்தத் தீவுக்கு வெளியுறவுத் துறையே கிடையாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் முதல் வெளியுறவு அமைச்சர், அவரே பத்திரிகைக்காரராக இருந்தவர். பயிற்சி பெற்ற தூதர்கள் என்று ஒரு வரிசை இருந்து அவர்களை ஓரங்கட்டிவிட்டு நாதனைக் கொண்டுவரவில்லை. வழக்கறிஞர், பேராசிரியர், பத்திரிகையாளர், வியாபாரி என்று யார் கைக்கு அகப்பட்டார்களோ அவர்களை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். தெரியாத வேலையை எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து கற்றுக்கொண்ட காலம். அதில் நாதன் உதவிச் செயலாளராகத் தொடங்கித் துணைச் செயலாளர் வரை வந்தார்.

1971ல் சில மாதம் உள்துறை அமைச்சு, அதன்பின் அதே வருடம் ஆகஸ்டில் தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுப் பிரிவுக்கு இயக்குநர். 1979 பிப்ரவரி வரை அங்கேதான். ஏழரை வருடம் என்பது அவருடைய பணிக்காலத்தில் சின்னத் துண்டு இல்லை, அப்படியும் நாம் எழுதக்கூடியது மிகக் குறைவு, ஏனென்றால் அந்த அலுவலகத்தின் கோப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. அதைப் பற்றி உங்களிடம் யாராவது விலாவாரியாகக் கதை சொன்னால், நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும், எங்கிருந்து தெரிந்தது என்று கேளுங்கள். நானும் அதற்குள் போகவில்லை. அந்த வருடங்களில் வெளியே தெரிந்த ஒரே சம்பவம் லாஜு. ஆனால் அந்த ஒன்றே போதும்.

1974 ஜனவரி 31. ஜப்பானியச் செம்படை என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவைச் சேர்ந்த இருவரும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைச் சேர்ந்த இருவரும் புலாவ் புக்கோம் தீவில் இருந்த ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குண்டு வைத்தார்கள். சேதம் பெரிதாக இல்லை. தப்பி ஓடும்போது லாஜு என்ற படகைக் கடத்தி, அதிலிருந்த ஐந்து ஊழியர்களைப் பிணை வைத்துக்கொண்டார்கள். கடற்படையும் கடல் போலீசும் படகைச் சூழ்ந்து நின்றன. ஒரு வாரம் பேச்சு நடந்தது. இடையில் பிணையாளிகளில் இருவர் கடலில் குதித்துத் தப்பினார்கள், மூவர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சுட்டுப் பிடிப்பதா, விட்டுவிடுவதா என்று சிங்கப்பூர் நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தபோது பிப்ரவரி 6ல் நிலைமை கைமீறியது. அதே பாலஸ்தீன இயக்கத்தினர் குவைத்தில் ஜப்பானியத் தூதரகத்தைப் பிடித்து, தூதரையும் மற்றவர்களையும் பிணை வைத்தார்கள். லாஜுவில் இருக்கும் நால்வரையும் விமானத்தில் குவைத்துக்குக் கொண்டுவா என்பது கோரிக்கை.

இப்போது சிங்கப்பூரின் பிரச்சினை மூன்று நாடுகளின் பிரச்சினை ஆகிவிட்டது. ஜப்பான் விமானம் அனுப்பச் சம்மதித்தது. ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு விமானத்தில் ஏறினால் நடுவழியில் நம்மை ஏதும் செய்யமாட்டார்கள் என்று அந்த நால்வருக்கும் யார் உத்தரவாதம் தருவது? ஆள்தான் உத்தரவாதம். நாதன் தலைமையில் 13 பேர் அதே விமானத்தில் கூடவே போவது என்று முடிவானது. பிப்ரவரி 8 அதிகாலையில் பாய லேபார் விமான நிலையத்திலிருந்து ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கிளம்பியது. குவைத்தில் இறங்கிய பிறகும் உடனே கதவு திறந்து வழியனுப்பி வைக்கவில்லை, அங்கேயும் பேச வேண்டியிருந்தது. கடைசியில் சிங்கப்பூர்க் குழு பத்திரமாக இறங்கியது, துப்பாக்கிக்காரர்கள் தெற்கு ஏமனின் ஏடனுக்குப் பறந்தார்கள். குழு 9ந்தேதி வீடு திரும்பியது. ஒரு பிணையாளியும் சாகவில்லை. அந்த வருடமே அவருக்குப் புகழார்ந்த சேவைக்கான பதக்கம் கொடுத்தார்கள்.

பயங்கரவாதிகளைத் தப்பவிட்டது சரியா என்ற விவாதம் அப்போதும் இருந்தது, இப்போதும் நியாயமான விவாதம்தான். நான் கவனிப்பது வேறு ஒன்றை. உளவுத்துறைத் தலைவர் என்பவர் ஒரு நாட்டின் ரகசியம் எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு திரிகிறவர். அப்படிப்பட்டவரைப் பிணையாக அனுப்புவது புத்திசாலித்தனமான காரியமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனாலும் அவரை அனுப்பினார்கள், அவரும் போனார். எதிராளி நம்புகிற மாதிரி ஒரு வாக்குறுதி கொடுத்து, அதை இம்மி பிசகாமல் நிறைவேற்றி, தன் பக்கத்து ஆட்கள் 12 பேரையும் திரும்ப அழைத்து வருகிற வேலைக்கு ராஜதந்திரம் என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

1979ல் வெளியுறவு அமைச்சுக்கே முதல் நிரந்தரச் செயலாளராக, அதாவது அமைச்சின் தலைமை அதிகாரியாக, திரும்பினார். வந்தவுடன் கம்போடியா. 1978 டிசம்பர் கடைசியில் வியட்நாம் படை உள்ளே நுழைந்து, ஜனவரி 7ல் நோம்பென் விழுந்தது. போல் பாட்டின் கொலைகார ஆட்சி போய் ஹெங் சாம்ரின் ஆட்சி வந்தது. சிங்கப்பூரின் வாதம், ஒரு பெரிய நாடு பக்கத்து நாட்டுக்குள் படை அனுப்பி ஆட்சியை மாற்றுவதை ஒப்புக்கொண்டால் நாளை நமக்கும் அதே கதிதான் என்பது. ஆகவே ஐ.நா. பேரவையில் கம்போடியாவின் இருக்கை பழைய அரசுக்கே இருக்க வேண்டும் என்று ஆசியான் நாடுகளோடு சேர்ந்து மும்முரமாக வேலை செய்தது. 1979 செப்டம்பரில் 71 நாடுகள் ஆதரித்தன, 35 எதிர்த்தன, 34 வாக்களிக்கவில்லை. இந்தியா வேறு வழியில் போய் 1980ல் புதிய அரசை அங்கீகரித்தது.

அமைச்சர்கள் ராஜரத்தினமும் பிறகு தனபாலனும் முன்னால் நின்று பேசினார்கள். அமைச்சுக்குள் இயந்திரத்தை ஓட்டியவர் நாதன். எந்த நாட்டின் ஓட்டு எங்கே சாய்கிறது, யாரை யார் பார்க்க வேண்டும், எந்த வாசகத்தை மாற்றினால் யார் உள்ளே வருவார்கள், எல்லாம் நிரந்தரச் செயலாளரின் மேசை வழியாகத்தான் போகும். செய்நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தது போல் பாட்டின் இயக்கமான கெமர் ரூஜின் பிரதிநிதி என்பதை நான் மறக்கத் தயாராக இல்லை. கொள்கையில் நியாயம் இருந்தது, அதன் பலன் ஒரு கொலைகார இயக்கத்துக்குப் பல வருடம் போய்ச் சேர்ந்தது. இரண்டும் உண்மை. நாதன் அந்தக் கொள்கையை வகுத்தவர் இல்லை, நிறைவேற்றியவர், அதனால் பங்கு குறைகிறதா என்பதில் எனக்கு இன்னமும் ஒரு முடிவு இல்லை.

1982ல் அரசுப் பணியிலிருந்து விலகி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகை நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர். விசுவாசம் பற்றிய உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1845ல் தொடங்கிய பத்திரிகைக்கு உளவுத்துறையில் இருந்தவரைத் தலைவராகப் போட்டால் செய்தி அறையில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? கண்காணிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான். எதிர்ப்பும் இருந்தது, அது நியாயமான எதிர்ப்பும்கூட. அவரை அனுப்பும்போது லீ குவான் இயூ அந்தப் பத்திரிகையைப் பீங்கான் கிண்ணத்துக்கு ஒப்பிட்டு, உடைந்தால் ஒட்டலாம், ஆனால் பழையபடி இருக்காது என்று எச்சரித்ததாக நாதனே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆறு வருடம் இருந்தார். அந்தக் காலத்துப் பத்திரிகையாளர்கள் சிலர் பிற்பாடு அவரைப் பற்றி மரியாதையாகவே பேசினார்கள், மேலிருந்து வந்த கோபத்தைத் தாங்கிக்கொண்டு ஆட்களின் வேலையைக் காப்பாற்றினார் என்று. இருக்கலாம். ஆனால் நல்ல மனிதரைப் போட்டதால் அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு ஆகிவிடாது. அரசாங்கத்தின் கோபத்துக்கும் பத்திரிகைக்கும் நடுவே ஒரு இடைத்தாங்கி தேவைப்பட்டது என்பதே அங்கிருந்த நிலைமையைச் சொல்கிறது.

64 வயதை நெருங்கும்போது, 1988 ஏப்ரலில், மலேசியாவுக்குத் தூதர். 1986ல் இஸ்ரேலிய அதிபர் ஹெர்சோக் சிங்கப்பூர் வந்ததால் கோலாலம்பூரில் எழுந்த கொந்தளிப்பு அடங்கி வந்த நேரம். சிங்கப்பூரின் தண்ணீரில் ஒரு பெரும் பங்கு ஜொகூரிலிருந்து வருகிறது, அதனால் இங்கே தூதர் என்பவர் விருந்துக்குப் போய் வருகிறவர் மட்டும் இல்லை. மூவாரில் வளர்ந்த ஒருவருக்கு அந்த ஊரின் பேச்சு, கோபம், நகைச்சுவை எல்லாம் தெரியும் என்பது பெரிய அனுகூலம். (அவருக்கு முன் அதிபராக இருந்த வீ கிம் வீயும் கோலாலம்பூரில் தூதராக இருந்தவர்தான். அந்தப் பதவிக்குச் சிங்கப்பூர் எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தது என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.) அங்கே இரண்டு வருடம் கொஞ்சம் கூடுதல்.

1990 ஜூலையிலிருந்து 1996 ஜூன் வரை வாஷிங்டன். அவர் பெயர் வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் அடிபட்டது அங்கேதான், அதுவும் ஒரு பிரம்படியால். மைக்கேல் ஃபே என்ற 18 வயது அமெரிக்க இளைஞனுக்கு, கார்களில் பெயின்ட் தெளித்த வழக்கில் 1994 மார்ச்சில் நான்கு மாதச் சிறையும் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதமும் ஆறு பிரம்படியும் தண்டனை. அதிபர் கிளின்டன் வெளிப்படையாகவே கருணை கேட்டார். 24 செனட்டர்கள் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார்கள். சிங்கப்பூர் அடியை ஆறிலிருந்து நான்காகக் குறைத்தது, மே 5 அன்று தண்டனையை நிறைவேற்றியது.

அந்த வாரங்களில் ஒரு தூதரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தண்டனையை மாற்றுகிற அதிகாரம் கையில் இல்லை. எதிரில் இருப்பது உங்கள் நாட்டின் பாதுகாப்புக்கே தேவையான வல்லரசு. ஒளிந்துகொள்ளவும் முடியாது. நாதன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் லாரி கிங்கின் பேட்டி நிகழ்ச்சிக்கே போய் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, எங்கள் ஊரில் சட்டம் இது, எங்கள் குடிமகனுக்கும் இதேதான் என்று சொன்னார். தூதரகத்துக்கு வந்த கடிதங்களில் நிறைய அமெரிக்கர்கள் சிங்கப்பூர் பக்கம் பேசினார்கள். பிரம்படி எனக்கு உடன்பாடான தண்டனை இல்லை, ஆனால் தன் அரசாங்கத்தின் நிலைப்பாட்டைக் கெட்ட நேரத்தில் கெடாமல் எடுத்துச் சொல்வதுதான் தூதரின் வேலை என்றால், அவர் அதை நன்றாகச் செய்தார். ராணுவ ஒத்துழைப்பும் வியாபாரமும் அந்தச் சண்டையில் அறுந்துபோகவில்லை. உலக வர்த்தக அமைப்பின் முதல் அமைச்சர் மாநாட்டைச் சிங்கப்பூரில் நடத்துவதை அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி முதலில் எதிர்த்தார், 1996 டிசம்பரில் அது சிங்கப்பூரிலேயே நடந்தது.

திரும்பி வந்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தற்காப்பு, உத்தி ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநராக 1999 வரை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அதிபர் பதவிக்கு வருவோம். 1991ல் அரசியல் சட்டத்தை மாற்றி அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது என்றார்கள். காரணம், முந்தைய அரசுகள் சேர்த்துவைத்த நிதியிருப்பை எந்த அரசாங்கமும் இஷ்டத்துக்கு எடுக்காமல் இரண்டாவது சாவியை அவர் வைத்திருக்க வேண்டும் என்பது. 1993ல் வென்ற ஓங் டெங் சியோங் அந்தச் சாவியை நிஜமாகவே உபயோகிக்கப் பார்த்தார். இருப்பின் விவரங்களைப் பெறுவதே பெரும்பாடாக இருந்தது என்று பதவி முடியும்போது பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு அடுத்து, அரசாங்கத்தின் பகிரங்க ஆதரவோடு நாதன். போட்டியிட விரும்பிய மற்றவர்களுக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. 1999 செப்டம்பர் 1ல் பதவியேற்றார், வயது 75. 2005ல் ஆண்ட்ரூ குவான் விண்ணப்பித்தார், அவருக்கும் சான்றிதழ் மறுக்கப்பட்டது, மறுபடி போட்டியின்றி நாதன். போட்டியே இல்லாமல் வந்தவர் என்று நீங்கள் சொன்னது சரி.

இது அவர் குற்றமா? விதிகளை அவர் எழுதவில்லை. ஆனால் அந்த விதிகளால் பலன் அடைந்தவர். ஓங் கேட்ட கேள்விகளை நாதன் பொதுவெளியில் கேட்டதாக நான் பார்க்கவில்லை. 2009 உலக நிதி நெருக்கடியில் முதல்முறையாக அந்த இருப்பிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க அரசாங்கம் அனுமதி கேட்டது, அவர் கொடுத்தார். ஆட்களை வேலையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குச் சம்பள மானியம் கொடுக்கத்தான் அந்தப் பணத்தில் பெரும்பகுதி. உண்மையில் எடுத்தது 4 பில்லியன், 2011ல் திருப்பியும் வைத்துவிட்டார்கள். முடிவு சரி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அந்த வருடம் ஆட்குறைப்பு எப்படி இருந்திருக்கும் என்று எங்கள் துறையில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் முடியாது என்று சொல்லக்கூடிய ஒருவர் சரி என்று சொல்வதற்கு இருக்கும் கனம் வேறு, அதுவரை முடியாது என்று சொன்னதே இல்லாதவர் சொல்வது வேறு. 2000ல் அவர் ஆரம்பித்த அதிபர் சவால் நிதித்திட்டம் இன்றும் நடக்கிறது, தொண்டு அமைப்புகளுக்கு அதனால் நல்ல பலன். பழைய மருத்துவமனை சமூகப் பணியாளர் அதில் தெரிகிறார். அதிபரின் சம்பளம் பற்றிய முணுமுணுப்பு அவர் காலம் முழுக்க இருந்தது, 2011ல் அமைத்த ஒரு குழு சொன்னபடி, அவர் போன பிறகு அதைப் பாதிக்கும் கீழே வெட்டினார்கள்.

ஆகவே திறமையா விசுவாசமா என்றால், 1996 வரை திறமைக்குச் சாட்சி கேட்கத் தேவையில்லை. விசுவாசம் அவரை அந்த அறைகளுக்குள் கொண்டுபோய் விட்டிருக்கலாம், உள்ளே போய் வேலையை முடித்தது அவர். அதிபர் பதவி மட்டும் வேறு மாதிரி, அங்கே கேட்டதே நம்பிக்கையான ஆளைத்தான். நாற்பது வருடத்துக்கு மேலாக அரசாங்கத்தின் சார்பில் பேசிப் பழகிய ஒருவரை, அதே அரசாங்கத்தைத் தடுத்து நிறுத்துகிற நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்தப் பழக்கம் ஒரு நாளில் மாறும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள், அவரை அங்கே வைத்தவர்கள் நிச்சயமாக எதிர்பார்க்கவில்லை.

தமிழர் என்பதாலா என்ற கேள்வி மிச்சம். சிறுபான்மை இனத்தவர் ஒருவர் அதிபராக இருப்பதில் ஆளுங்கட்சிக்கு விருப்பம் இருந்தது, அதை யாரும் பெரிதாக மறைக்கவும் இல்லை. ஆனால் அவருடைய ஆரம்பகால வேலைகளில் இனம் உதவியதாக எனக்குப் படவில்லை. கப்பல்காரர்களிலும் தொழிற்சங்கத்திலும் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். சமூகத்துக்குச் செய்தது தனிக் கணக்கு: 1983லிருந்து இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவர், 1991ல் பிறந்த சிண்டாவை (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) உருவாக்கியவர்களில் ஒருவர். மனைவி ஊர்மிளா வங்காளி, 1958ல் கல்யாணம். 2016 ஆகஸ்ட் 22ல் 92 வயதில் இறந்தபோது அரசு மரியாதையோடு நடந்த இறுதிச் சடங்கில் அவருக்குப் பிடித்த 'தஞ்சாவூரு மண்ணு எடுத்து' பாட்டை ஒலிக்கவிட்டார்கள், தமிழ் தெரியாத சிங்கப்பூரர்கள் பலர் அதன் அர்த்தத்தைத் தேடிப் படித்தார்கள்.

தேர்தல் நடந்திருந்தால் ஜெயித்திருப்பாரா என்று கடைசியில் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். அவர் விலகிய 2011ல் நான்கு பேர் மோதி, டோனி டான் 35.2 விழுக்காடு வாங்கி 7,382 ஓட்டு வித்தியாசத்தில் தப்பித்தார். 2017ல் ஹலிமா யாக்கோப், மறுபடி போட்டியில்லை. 2023ல் இன்னொரு தமிழர், தர்மன் சண்முகரத்னம், இரண்டு பேரை எதிர்த்து நின்று 70.4 விழுக்காடு வாங்கினார். ஆகவே தமிழருக்கு ஓட்டு விழாது என்ற வாதம் இப்போது செல்லாது. நாதன் நின்றிருந்தால் 1999ல் சுலபமாக ஜெயித்திருப்பார், 2005ல் கொஞ்சம் வேர்த்திருக்கும் என்பது என் கணிப்பு. இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், இது வெறும் காப்பிக்கடைப் பேச்சு.